நாய் ஓயாமல் பாதத்தை நக்கினால்: எங்கிருந்து தொடங்குவது

ராத்திரி வீடு அடங்கிய பிறகுதான் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். சளப் சளப் என்று, விடாமல். விளக்கைப் போட்டால் நாய் தலையைத் தூக்கிப் பார்க்கும். அணைத்தால் மறுபடி ஆரம்பிக்கும்.

முதல்முறை நாய் வளர்ப்பவர்கள் பலரும் இதைக் கெட்ட பழக்கம் என்று எடுத்துக்கொண்டு அதட்டுகிறார்கள். நானும் மாதக்கணக்கில் அதட்டினேன். என் நாய் வெளிர் நிறம். முன்கால் விரல்களில் முடி செம்பழுப்பாக மாறியபோது மண்கறை என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறேன். கடைசியில் கால்நடை மருத்துவர் இரண்டு விரல்களை விரித்துக் காட்டினார். உள்ளே தோல் வெந்ததுபோல் சிவந்து, ஈரமாகப் பளபளத்தது. அத்தனை நாளும் அது அரிப்பைத் தாங்க முடியாமல் நக்கியிருக்கிறது. நான் ‘சும்மா இரு’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

பாதத்தில் ஏதோ செய்கிறது என்று சொல்ல நாய்க்கு வேறு வழி தெரியாது. அரிப்பு, வலி, எரிச்சல், குத்திக்கொண்டிருக்கும் முள், மனக்கலக்கம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்தால்தான் நக்குவது நிற்கும். அந்தத் தேடலில் பாதி வேலை மருத்துவரிடம் போகும் முன்பே, வீட்டில் நடக்க வேண்டியது.

எவ்வளவு நக்கினால் கவலைப்பட வேண்டும்?

வெளியே போய்வந்ததும் கொஞ்ச நேரம் பாதத்தைச் சுத்தம் செய்வது, தூங்கும் முன் இரண்டு மூன்று நிமிடம் நக்குவது, இதெல்லாம் சாதாரணம். கூப்பிட்டதும் விட்டுவிட்டு ஓடி வந்து, அப்புறம் அதை மறந்தும்விடும்.

சாப்பாட்டையோ விளையாட்டையோ பாதியில் விட்டுவிட்டு நக்குவது, தூக்கத்திலிருந்து எழுந்து நக்குவது, முன்பற்களால் விரலிடுக்கை நறநறவென்று கடிப்பது, பாதம் எப்போது தொட்டாலும் ஈரமாக இருப்பது, நொண்டுவது, ஒரு மாதிரி நாற்றம் வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கவனிக்க வேண்டும்.

முடி செம்பழுப்பாவது எச்சிலின் வேலை. நாயின் எச்சிலிலும் கண்ணீரிலும் போர்ஃபிரின் என்ற நிறமி இருக்கிறது. திரும்பத் திரும்ப நனையும் முடியில் அது படிந்து துருப்பிடித்ததுபோல் நிறம் மாறும். வெளிர் நிற நாய்களில் இது தூரத்திலிருந்தே தெரியும். கறுப்பு நாயில் நிறத்தை நம்ப முடியாது; விரலிடுக்கில் கைவைத்து ஈரம் இருக்கிறதா, முடி மெலிந்திருக்கிறதா, தோல் தடித்திருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதல் படி: ஒரு பாதமா, எல்லாப் பாதமுமா?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே அவசரப்பட்டு மருந்துக் கடைக்குப் போகாமல் இதை முதலில் பாருங்கள்.

நேற்றுவரை ஒன்றுமில்லை, இன்று திடீரென்று ஒரே ஒரு பாதத்தை நக்குகிறது என்றால் பெரும்பாலும் அந்தப் பாதத்திலேயே ஏதோ இருக்கிறது. முள், கண்ணாடிச் சில்லு, பிளந்த நகம், விரலிடுக்கில் ஒளிந்திருக்கும் உண்ணி, பூச்சிக்கடி, வெட்டு, சுட்ட தரையில் நடந்த புண் என்று எதுவும் இருக்கலாம்.

இரண்டு முன்பாதங்கள் அல்லது நான்குமே, வாரக்கணக்கில், கூடுவதும் குறைவதுமாக இருந்தால் அலர்ஜியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காதைச் சொறிவது, தலையை உதறுவது, முகத்தைத் தரையில் தேய்ப்பது, வயிறும் அக்குளும் சிவந்திருப்பது ஆகியவையும் சேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

விரல்களை விட்டுவிட்டு, முன்காலின் மணிக்கட்டு மேல்பக்கத்தில் ஒரே இடத்தைத் தேய்த்துத் தேய்த்து நக்கினால் கதை வேறு. அந்த மூட்டில் வலி இருக்கலாம், அல்லது மனப்பதற்றத்தில் தொடங்கியது புண்ணாகிப்போயிருக்கலாம். வயதான நாய்களில் மூட்டுவாதம் இப்படி வெளிப்படுவது உண்டு.

ஒரு நோட்டை எடுத்து ஒரு வாரம் எழுதுங்கள். எந்தப் பாதம், எந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது என்று மூன்று விஷயம் போதும். தரை துடைத்த பிறகா? புல்லில் நடந்த பிறகா? நீங்கள் வெளியே கிளம்பும்போதா? வருஷம் முழுக்கவா, குறிப்பிட்ட சில மாதங்களில் மட்டுமா? அரிப்புக்குத் தினமும் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண்ணும் போடுங்கள். தோல் மருத்துவர்களும் இப்படி ஒரு அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறார்கள். கூடவே போனில் அரை நிமிட வீடியோ ஒன்று எடுத்து வையுங்கள். மருத்துவமனை மேசையில் ஏறியதும் பயத்தில் நாய் நக்குவதையே மறந்துவிடும்.

இரண்டாவது படி: பாதத்தை விரித்துப் பார்ப்பது

நாய் நன்றாக நடந்து களைத்துப் படுத்திருக்கும் நேரம் இதற்கு ஏற்றது. பக்கத்தில் உட்காருங்கள். முதலில் நக்காத பாதத்தைத் தொடுங்கள், ஒரு தின்பண்டம் கொடுங்கள், அப்புறம் அடுத்தது. நேராகப் புண் இருக்கும் காலைப் பிடித்தால் எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கக்கூடும். உறுமினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மீதியை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும்.

போன் விளக்கைப் போட்டு ஒவ்வொரு விரலிடுக்கையும் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டிலும் பாருங்கள். கீழ்ப்பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரிய மெத்தைக்கும் சிறிய மெத்தைகளுக்கும் நடுவில் உள்ள அந்தப் பள்ளத்தில்தான் அழுக்கும் ஈரமும் அதிகம் தேங்கும். பிறகு ஒவ்வொரு நகத்தின் அடி. கால் உட்புறம் சற்று மேலே தொங்கும் பெருவிரல் நகத்தையும் விட்டுவிடாதீர்கள். தரையில் உரசாததால் அது வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே குத்திக்கொள்ளும்.

தோல் செக்கச்செவேல் என்று இருந்து, புளித்த மாவு போலவோ பழைய சீஸ் போலவோ நாற்றம் வந்து, நகத்தின் அடியில் பழுப்பு மெழுகு மாதிரி ஒட்டியிருந்தால் ஈஸ்ட் பூஞ்சையாக இருக்கலாம். மலசீசியா என்ற இந்தப் பூஞ்சை எல்லா நாயின் தோலிலும் கொஞ்சம் இருப்பதுதான். ஈரமும் அரிப்பும் சேரும்போது பெருகிவிடுகிறது. சீழ்க் கொப்புளம், பொருக்கு என்றால் பெரும்பாலும் பாக்டீரியா தொற்று. இளம் நாய்க்கு விரல்களில் முடி கொட்டித் தோல் தடித்திருந்தால் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய பேன் காரணமாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும்.

விரல்களுக்கு நடுவில் சிவந்த உருண்டையாக ஒரு கட்டி இருந்தால் அதைப் பிதுக்காதீர்கள். குட்டையான, முள்முள்ளான முடி கொண்ட, எடை அதிகமான நாய்களில் முடியே திரும்பத் தோலுக்குள் குத்தி இப்படிக் கட்டியாகும். புல்டாக் வகைகளில் இது அதிகம்.

இன்னொன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தவறவிடுவது சுலபம். காய்ந்த புல்லின் விதை. அதன் மேல் நுண்ணிய கொக்கிகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஆகவே அது முன்னோக்கி மட்டுமே நகரும், திரும்பி வராது. ஒருமுறை நான் பார்த்த நாய்க்கு விரலிடுக்கில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை, அதிலிருந்து ஒரு துளி நீர், சுற்றிலும் நாலு முடி ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. உள்ளே விதை விரல் நீளத்துக்குப் போய்விட்டிருந்தது. விதை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் மெதுவாக நேராக இழுக்கலாம். உள்ளே போய்விட்டால் தோண்டாதீர்கள், காத்திருக்கவும் செய்யாதீர்கள். அது காலின் மேல்பகுதிவரை ஏறிவிடும்.

உண்ணி இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நிதானமாக நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றுவதும் சுடுவதும் வேண்டாம்.

மூன்றாவது படி: வீட்டில் உடனே செய்யக்கூடியவை

வெளியே போய்வந்த ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதங்களை அலசுங்கள். ஒரு அகலமான கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு காலாக நனைத்து, விரலிடுக்கில் உங்கள் விரலை விட்டுத் தேய்த்தால் போதும். மகரந்தம், தூசி, தரையில் இருந்த ரசாயனம் எல்லாம் இதில் போய்விடும்.

கழுவுவதைவிட முக்கியம் துடைப்பது. ஈரத்தோடு விட்டால் பூஞ்சைக்கு நாமே இடம் போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். துண்டைத் தேய்க்காமல், ஒவ்வொரு இடுக்கிலும் ஒற்றி எடுங்கள். எனக்கு ஒரு காலுக்கு ஒரு நிமிடம் ஆகிறது. விரல்களுக்கு நடுவே முடி அடர்ந்த நாய் என்றால் நுனி மழுங்கிய கத்தரியால் முடியை ஒட்டக் குறைத்துவிட்டால் காய்வது சுலபம்.

தரை துடைக்கும் திரவத்தை ஒரு வாரம் மாற்றிப் பாருங்கள், அல்லது துடைத்த பிறகு வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடையுங்கள். நாய் செருப்பில்லாமல் நடக்கிறது, அப்புறம் அதே காலை நக்கவும் செய்கிறது. வெயில் நேரத்தில் புறங்கையை ஏழு விநாடி தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயை அங்கே நடத்தாதீர்கள்.

கழுத்தில் மாட்டும் கூம்பு காலரைக் கொடுமை என்று நினைத்துத் தவிர்க்காதீர்கள். நக்க நக்கப் புண் ஆழமாகும், புண் ஆழமானால் இன்னும் நக்கும். அந்தச் சுழற்சியை உடைக்க அது வேண்டும். காலரின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நீட்டியிருக்க வேண்டும், கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும். காரணத்தை அது தீர்க்காது, பாதத்துக்கு ஆற அவகாசம் கொடுக்கும். காலுறை மாட்டுவதென்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கொஞ்ச நேரம் மட்டும். உள்ளே வேர்த்துப் புழுங்கும். நாய்க்கு வேர்வைச் சுரப்பிகள் பாத மெத்தைகளில்தான் முக்கியமாக இருக்கின்றன.

செய்யக் கூடாதவற்றை அழுத்தியே சொல்கிறேன், இதில் நாய்கள் செத்தும் போகின்றன. தேயிலை மர எண்ணெய் என்று விற்கும் டீ ட்ரீ ஆயில் நாய்க்கு விஷம். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற நம் வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. நம்முடைய தோல் களிம்புகளைத் தடவாதீர்கள்; தடவியதை நாய் நக்கி விழுங்கும். சோரியாசிஸுக்கான சில களிம்புகள் மிகச் சிறிய அளவிலேயே நாயின் உயிரைப் பறிக்கும். துத்தநாகம் கலந்த களிம்புகளும் ஆபத்து. வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புண்ணில் பட்டால் எரியும், ஆறுவதும் தள்ளிப்போகும். நக்கினால் கசக்கும் ஸ்ப்ரேயை அடிப்பதும் வேண்டாம். அரிப்பு அப்படியே இருக்க, அதற்கு இருந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கிவிடுகிறோம்.

நான்காவது படி: அலர்ஜி என்று தோன்றினால்

மனிதர்களுக்கு அலர்ஜி என்றால் தும்மலும் மூக்கொழுகலும் முன்னால் வரும். நாய்க்கு அது பெரும்பாலும் தோலில்தான் வரும்: பாதம், காது, வயிறு, அக்குள், கண்ணைச் சுற்றி. தூசிப்பேன், மகரந்தம், பூஞ்சைத்துகள் போன்றவற்றால் வரும் அடோபிக் டெர்மடைடிஸ் என்ற தோல் அலர்ஜி பொதுவாக ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள் தலைகாட்டும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஃபிரெஞ்ச் புல்டாக் போன்ற இனங்களில் அதிகம். ஆனால் எந்த நாய்க்கும் வரலாம்.

முதலில் தெள்ளுப்பூச்சியைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். தெள்ளு அலர்ஜி உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும். அந்த அரிப்பு முக்கியமாக வாலடியிலும் பின்தொடையிலும் இருக்கும், ஆனால் மற்ற அரிப்பையும் சேர்த்துக் கிளப்பிவிடும். சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் சிவப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, செரித்த ரத்தம். தெள்ளின் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் நாயின் மேல் இருப்பதைவிடப் படுக்கையிலும் தரை இடுக்கிலும்தான் அதிகம். எனவே வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் சேர்த்துக் குறைந்தது மூன்று மாதம் மருந்து போட வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்தை வாங்காதீர்கள், பூனைக்கு அது உயிராபத்து. நாயின் படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசிப்பேனும் குறையும்.

அடுத்தது உணவு. இதில்தான் நிறையப் பேர் வழிதவறுகிறார்கள், நானும் தவறினேன். ஒரு பிராண்டை நிறுத்தி இன்னொன்றுக்கு மாறுவது, பத்து நாளில் பலன் இல்லை என்று மூன்றாவதற்குத் தாவுவது, இது சோதனையே ஆகாது. பையின் முன்பக்கம் பெயர் மாறினாலும் பின்பக்கம் அதே கோழி இருக்கும். நாய்களுக்கு உணவு அலர்ஜி பெரும்பாலும் புரதத்துக்குத்தான்: மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை அடிக்கடி காரணமாகின்றன.

முறையான சோதனை என்றால், நாய் இதுவரை சாப்பிடாத ஒரு புரதம், அல்லது ஹைட்ரோலைஸ்டு எனப்படும் நுண்ணியதாக உடைக்கப்பட்ட புரதம் கொண்ட உணவு. அது மட்டும்தான், குறைந்தது எட்டு வாரம். வீட்டில் எல்லோரும் இதில் ஒரே பேச்சாக நிற்க வேண்டும். மேசையடியில் விழும் ஒரு துண்டு, இறைச்சிச் சுவை சேர்த்த பூச்சி மாத்திரை, மெல்லும் எலும்பு, எதுவும் கூடாது. எட்டு வாரத்தில் அரிப்பு குறைந்தால் பழைய உணவை மறுபடி கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் உணவுதான் காரணம் என்று உறுதி. நன்றாக இருக்கும் நாய்க்குத் திரும்ப ஏன் கொடுப்பது என்று மனசு கேட்காது. ஆனால் அதைச் செய்யாவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தேவையில்லாத பத்தியத்தில் நாயை வைத்திருப்போம். ரத்தம், முடி, எச்சில் இவற்றை வைத்து உணவு அலர்ஜியைச் சொல்வதாக விற்கும் சோதனைகளை நம்பிப் பணம் போடாதீர்கள். நம்பத்தக்க முடிவு வருவதில்லை.

ஐந்தாவது படி: மருத்துவரிடம்

போகும் முந்தின நாள் குளிப்பாட்டாதீர்கள். பாதத்தில் இருக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் மருத்துவர் தேடும் தடயம். ஒட்டும் டேப்பை விரலிடுக்கில் அழுத்தி எடுத்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பார். பேன் சந்தேகம் என்றால் தோலைச் சுரண்டுவார். ஒரே காலில் பிரச்சினை, நொண்டல் என்றால் எக்ஸ்ரே தேவைப்படலாம். இந்தச் சோதனை எதுவும் செய்யாமல் மருந்து எழுதினால், ‘தொற்று இருக்கிறதா என்று டேப் எடுத்துப் பார்க்கலாமா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

தொற்று இருந்தால் அதற்கு முதலில் வைத்தியம். குளோர்ஹெக்சிடின் 2 சதவீதமும் மைகோனசோல் 2 சதவீதமும் சேர்ந்த ஷாம்பூ பூஞ்சைக்கு நன்றாக வேலை செய்கிறது. நுரையைப் பத்து நிமிடம் விட்டுப் பிறகுதான் அலச வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தே செய்யுங்கள், பத்து நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளம்.

அரிப்பை அடக்க ஒக்லாசிடினிப் மாத்திரை ஒரு நாளிலேயே வேலையைக் காட்டும், ஆனால் ஒரு வயதுக்கு உட்பட்ட நாய்க்கு ஏற்றதல்ல. லோகிவெட்மாப் ஊசி ஒன்று போட்டால் நான்கு முதல் எட்டு வாரம் தாங்கும். ஸ்டீராய்டு வேகமாகக் கேட்கும், விலையும் குறைவு. நீண்ட நாள் கொடுத்தால் தாகம், பசி, எடை கூடுதல், தொற்று என்று பின்னால் வரும். சைக்ளோஸ்போரின் நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் பலன் தரும். அலர்ஜிப் பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடலைப் பழக்கும் இம்யூனோதெரபிக்கு ஒரு வருஷம்வரை பொறுமை வேண்டும். இளம் நாய்க்கு அதைக் கட்டாயம் யோசிக்கச் சொல்வேன். நமக்குத் தெரிந்த சளி, தும்மல் அலர்ஜி மாத்திரைகள் நாயின் அரிப்புக்குப் பெரிதாக உதவுவதில்லை.

பாதம் வீங்கியிருந்தாலும், சீழோ ரத்தமோ வடிந்தாலும், காலை ஊன்றவே இல்லையென்றாலும் ஒரு வாரக் குறிப்பெல்லாம் வேண்டாம், அன்றே போங்கள். பூச்சி கடித்து முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே கிளம்பிவிடுங்கள்.

மனசு காரணமாக இருந்தால்

உடம்பில் ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகே இந்த முடிவுக்கு வாருங்கள். ‘போரடிக்குது, அதான்’ என்று சொல்லிவிடுவது ரொம்ப சுலபம். அப்படிச் சொல்லப்பட்ட பல நாய்களுக்கு உண்மையில் அரிப்பு இருந்திருக்கிறது.

தனியாக விடும்போது மட்டும், பட்டாசு இடி நேரத்தில் மட்டும், வீடு மாறிய பிறகு என்று உங்கள் நோட்டில் ஒரு கோர்வை தெரிந்தால் அந்த வழியில் யோசிக்கலாம். நடைக்குப் போகும்போது அவசரப்படுத்தாமல் மோந்து பார்க்க விடுங்கள். மோப்பம் நாயின் மூளைக்கு நல்ல வேலை. தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல் சுருட்டிய துணிக்குள் ஒளித்துக் கொடுங்கள். நக்க ஆரம்பித்தால் அதட்டாமல், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வேறு வேலை கொடுங்கள். மணிக்கட்டில் முடியில்லாத தடித்த புண் உருவாகிவிட்டால் அதன் ஆழத்தில் பெரும்பாலும் தொற்று இருக்கும். அதற்கு வாரக்கணக்கில் மருந்தும் காலரும் வேண்டும், விளையாட்டு மட்டும் போதாது.

சரியாகிக்கொண்டிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

அலர்ஜி என்றால் அது முழுதாகப் போய்விடாது, கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 7, 8 என்று இருந்த மதிப்பெண் 2, 3க்கு வந்து நிலைத்தால் வைத்தியம் சரியான வழியில் போகிறது. மறுபடி 5க்கு ஏறினால் புதுத் தொற்றா என்று பார்க்க வேண்டும்.

பாதத்தின் நிறத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நிறம் மாறிய முடி பழைய நிறத்துக்குத் திரும்பாது, புது முடிதான் வளர்ந்து வர வேண்டும். என் நாய்க்கு வைத்தியம் தொடங்கி இரண்டு மாதம் கழித்து ஒருநாள், நடந்து வந்து கால் துடைக்கும்போது விரல்முடியை ஒதுக்கிப் பார்த்தேன். நுனியெல்லாம் இன்னும் செம்பழுப்பு. அடியில், தோலை ஒட்டி, நெல்மணி அளவுக்கு வெள்ளையாக முடி வந்திருந்தது.